கோழிக்குச் சீக்கு வந்தால்: கொல்லைப்புற வைத்தியர்களுக்கு ஒரு கையேடு

எட்டுக் கோழியும் ஒரு சேவலும் வைத்திருப்பவருக்கு இந்த நாட்டில் மருத்துவப் பட்டம் தேவையில்லை. கோழி வாங்கிய கூடையிலேயே அதுவும் சேர்ந்து வந்துவிடுகிறது. ஒரு கோழி மதில் ஓரமாகக் கழுத்தை உள்ளே இழுத்து, இறகைச் சிலிர்த்து, கண்ணை மூடி நின்றால் போதும். பால்காரர், சிலிண்டர் இறக்க வந்தவர், எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போடும் அக்கா எல்லோரும் எட்டிப் பார்த்து நோயைச் சொல்லிவிடுவார்கள். ஆளுக்கு ஒரு நோய் சொல்வார்கள். சொன்ன அத்தனைக்கும் ஒரே வேளையில் மருந்து கொடுப்பதுதான் நம் பரம்பரை முறை. ஊருக்கு வெளியே மனை வாங்கி, வீடு கட்டி, மிச்சமிருக்கும் ஒன்றரை சென்ட்டில் சிறுவிடைக் கோழி வளர்க்க இறங்கியிருக்கும் புதியவர்களுக்கு இந்த முறை சரியாகப் பிடிபடவில்லை என்று தெரிகிறது. சிலர் கால்நடை மருந்தகத்துக்கே போய்விடுகிறார்களாம். அவர்களைத் தடுத்து நிறுத்துவதற்காக இதை எழுதுகிறேன்.

இடையிடையே ஒரு கால்நடை மருத்துவர் குறுக்கே வருவார். அவர் பேச்சைக் கேட்டால் கையேடு நான்கு வரியில் முடிந்துவிடும் என்பதால் அதிகம் இடம் கொடுக்கவில்லை.

நோயைக் கண்டுபிடித்தல்

இதற்கு முதல் தகுதி, நல்ல கோழி எப்படி இருக்கும் என்று தெரியாமல் இருப்பது. தெரிந்துவிட்டால் பாதி நோய்கள் காணாமல் போய்விடும்.

காலை வெயிலில் கோழி ஒருக்களித்துப் படுத்து, ஒரு றெக்கையை அகல விரித்து, ஒரு காலை நீட்டி, கண் சொருகிக் கிடக்கும். செத்துவிட்டது என்று கத்துங்கள். அது வெயில் காய்ந்துகொண்டிருக்கிறது. நீங்கள் போட்ட சத்தத்தில் விழுந்தடித்து எழுந்து ஓடும். அந்த ஓட்டத்தை வைத்து வலிப்பு என்று முடிவு கட்டலாம். மண்ணில் குழி பறித்து, அதில் உருண்டு புரண்டு, புழுதியை இறகுக்குள் வாரிப் போட்டுக்கொண்டாலும் வலிப்புதான். செள்ளும் பேனும் உதிர்வதற்காக அது குளிக்கும் குளியல் அது, அந்தக் குழியில் கொஞ்சம் அடுப்புச் சாம்பல் கலந்துவிடுங்கள் என்று மருத்துவர் சொல்வார். அடுப்பே இல்லாத வீட்டில் சாம்பலுக்கு எங்கே போவது என்று திருப்பிக் கேளுங்கள்.

அடுத்தது காய்ச்சல். கோழியின் றெக்கைக்கு அடியில் கை வைத்துப் பாருங்கள், சுடும். எந்தக் கோழியைத் தொட்டாலும் சுடும். ஏனென்றால் நல்ல நிலையில் இருக்கும் கோழியின் உடல் சூடே 106, 107 டிகிரி ஃபாரன்ஹீட். நமக்கு அந்த அளவு ஏறினால் வீட்டார் ஆம்புலன்ஸுக்கு ஓடுவார்கள். கோழி அந்தச் சூட்டோடுதான் காலையில் இறங்கிப் புழு பொறுக்குகிறது. இது தெரியாதவர் தெர்மாமீட்டரைக் கோழிக்கு வைத்துப் பார்த்து, எண்ணைக் கண்டு அலறி, அரை பாராசிட்டமாலைத் தண்ணீரில் கரைத்து ஊற்றிவிடலாம். தெர்மாமீட்டரை எங்கே வைத்தீர்கள் என்பதை மட்டும் வீட்டில் சொல்லாதீர்கள்.

சித்திரை வெயிலில் எல்லாக் கோழியும் ஒரே நேரத்தில் வாயைப் பிளந்து, றெக்கையை உடம்பிலிருந்து விலக்கித் தொங்கவிட்டு இளைக்கும். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாய் வழியாகத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். நிழலும், மண்சட்டியில் அடிக்கடி மாற்றி ஊற்றிய தண்ணீரும் போதும். ஆனால் தண்ணீர் வைப்பதை வைத்தியம் என்று சொன்னால் தெருவில் மதிப்பு இருக்காது. கூட்டமாக வந்த மூச்சுத்திணறல் என்று சொல்லிப் பாருங்கள், நாலு பேர் கூடுவார்கள்.

எச்சம் பார்ப்பது இந்த வைத்தியத்தில் உயர்ந்த கலை. விடியற்காலையில் கூட்டைத் திறந்துவிட்டு, ஒரு குச்சியோடு குந்தி உட்கார வேண்டும். கரும்பச்சையாக, சுருண்டு, மேலே வெள்ளைத் தொப்பி வைத்த எச்சம் முதலில் கண்ணில் படும். வெள்ளையைப் பார்த்ததும் ‘வெள்ளைக் கழிச்சல்’ என்று கூவுங்கள். கோழி தனியாகச் சிறுநீர் கழிக்காது, யூரிக் அமிலம்தான் அப்படி வெள்ளையாக எச்சத்தின் மேல் வந்து உட்காருகிறது, அது நல்ல எச்சத்தின் அடையாளம் என்பதெல்லாம் பாடப்புத்தகம். பக்கத்திலேயே காப்பிக்கொட்டை நிறத்தில், பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டு, மூக்கைத் துளைக்கும் நாற்றத்தோடு ஒன்று கிடக்கும். அதைச் சீதபேதி என்று எழுதிக்கொள்ளுங்கள். குருட்டுக்குடலிலிருந்து பல முறைக்கு ஒருமுறை வருகிற எச்சம் அது. எல்லாக் கோழியும் போடும். உண்மையிலேயே பயப்பட வேண்டியது வேறு. தண்ணீராகப் பச்சையும் வெள்ளையும் கலந்து பீய்ச்சி, ஆசனவாய் இறகெல்லாம் நனைந்து ஒட்டிப்போயிருப்பது ஒன்று. ஒரு மாதக் குஞ்சுகளின் எச்சத்தில் ரத்தம் தெரிவது இன்னொன்று. அது ரத்தக் கழிச்சல். ஈரமான தரையில் பெருகும் நுண்ணுயிர் குஞ்சின் குடலை அரிப்பதால் வருவது. தரையைக் காயவைத்து, ஆம்ப்ரோலியம் மருந்தைக் குடிதண்ணீரில் கலந்து கொடுத்தால் காப்பாற்றலாம். ஆனால் அதற்குள் நீங்கள் நல்ல எச்சங்களைப் பார்த்துக் களைத்துப்போயிருப்பீர்கள்.

இறகு உதிர்த்து, வால் இல்லாமல், கழுத்துத் தோல் தெரிய அலையும் கோழியைப் பார்த்தால் திருஷ்டி சுற்றிப் போடுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை பழைய இறகைக் கழற்றிப் புதிது போட்டுக்கொள்கிறது, அதுவரை முட்டையும் வைக்காது. சுற்றிப் போட்டதால்தான் புது இறகு முளைத்தது என்று பிறகு சொல்லிக்கொள்ள வசதி.

மூலையில் உப்பிப்போய் உட்கார்ந்து, தீனியைச் சீந்தாமல், கிட்டே போனால் ‘கொர்’ என்று உறுமும் கோழிக்கு என்ன நோய்? அடைக்குப் படுத்திருக்கிறது. இருபத்தொரு நாள் முட்டைமேல் உட்கார வேண்டும் என்று அதன் உடம்பு சொல்கிறது. முட்டையை நீங்கள் ஆம்லெட் போட்டுவிட்டது அதற்குத் தெரியாது. அடை தெளிய வைக்கக் கிராமத்தில் தண்ணீரில் முக்கி எடுப்பார்கள், மூக்குத் துவாரத்தில் ஒரு இறகைச் செருகிவிடுவார்கள். இரண்டையும் செய்யுங்கள். ஏற்கெனவே கோபத்தில் இருக்கும் ஒரு உயிருக்கு அதைவிட ஆறுதல் வேறென்ன இருக்க முடியும்?

மருந்து

சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மிளகு, மஞ்சள், ஒரு கைப்பிடி கீழாநெல்லி. அம்மியில் வைத்து அரைக்க வேண்டும். கீழாநெல்லியைத் தவிர மற்றதெல்லாம் கோழிக் குழம்புக்கும் அரைப்பதுதான் என்று யாராவது சுட்டிக்காட்டினால் பதறாதீர்கள். நம் முன்னோர் யோசிக்காமல் வைக்கவில்லை. வைத்தியம் பலிக்காமல் போனால் மசாலாவாவது வீணாகாது. அப்பத்தாக்கள் இந்த விஷயத்தில் ஒளிவுமறைவு வைப்பதில்லை.

“அடேய், அது தூங்குதுடா. சின்ன வெங்காயத்தப் பொடிசா நறுக்கிப் போடு.”

“திங்கலேன்னா அப்பத்தா?”

“சாயங்காலம் வரைக்கும் பாரு. உசுரு இருக்கும்போதே அறுத்துரு.”

மூலிகையைக் குறை சொல்வதற்கில்லை. கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தாரே மரபுவழி மருந்துகளைச் சேகரித்து, பக்குவம் சொல்லிப் பரப்புகிறார்கள். அவர்கள் நோய்க்கு ஏற்ப அளவு சொல்வார்கள், எத்தனை நாள் என்றும் சொல்வார்கள். அந்த இரண்டையும் விட்டுவிட்டுப் பொருள்களை மட்டும் எடுத்துக்கொள்வது நம் பாணி.

மூலிகையில் நம்பிக்கையில்லாத படித்தவர்கள், போன வருஷம் மாமாவுக்கு எழுதிக்கொடுத்த டெட்ராசைக்ளின் காப்ஸ்யூல் மிச்சத்தை டப்பாவிலிருந்து எடுக்கலாம். கோழி ஒன்றரைக் கிலோ, மாமா எழுபத்தெட்டுக் கிலோ. கணக்குப் போட வேண்டாம், குத்துமதிப்பாகப் பிரித்து ஊற்றுங்கள். வைரஸ் கிருமியை ஆன்டிபயாட்டிக் ஒன்றும் செய்யாது. அதோடு மருந்து கொடுத்த கோழியின் முட்டையைக் குறிப்பிட்ட நாள் வரை சாப்பிடவும் கூடாது, முட்டை வழியாக மருந்து உங்களுக்கும் வந்து சேரும். கோழிப்பண்ணைகளில் கோலிஸ்டின் மருந்தை 2019இல் மத்திய அரசு தடை செய்ததே, மனிதனுக்குக் கடைசி நேரத்தில் கைகொடுக்கும் மருந்துகள் இப்படிப் பழகிப் பயனற்றுப் போய்விடக் கூடாது என்றுதான். கொல்லைப்புறத்தைக் கண்காணிக்க யாரும் வரமாட்டார்கள் என்பது நமக்குள்ள சுதந்திரம்.

புகட்டுவதில்தான் திறமை இருக்கிறது. கோழியைப் பழைய துண்டில் சுற்றி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இடது கையால் அலகைப் பிரித்தால் உள்ளே கூரான நாக்கு தெரியும். நாக்கு தொடங்கும் இடத்தில், நடுவில், ஒரு சின்னத் துவாரம் திறந்து மூடிக்கொண்டிருக்கும். அது மூச்சுக்குழல். சங்கில் இருக்கும் மருந்தை நேராக அதற்குள் கவிழ்த்துவிட்டால் நோய், கோழி இரண்டும் ஒரு நிமிஷத்தில் தீர்ந்துவிடும். அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டு, விழுங்கிய பிறகு அடுத்த சொட்டு விட வேண்டும் என்பார்கள். அதற்குப் பொறுமை வேண்டும். அவசரத்தில் இருப்பவர்கள் கவிழ்த்துவிடுகிறார்கள், பிறகு ‘மருந்து உடம்பு ஏத்துக்கல’ என்கிறார்கள்.

இரைப்பையையும் தொட்டுப் பார்த்து வைக்கலாம். கழுத்துக்குக் கீழே, மார்பின் வலப்பக்கம் இருக்கும். மாலையில் நிறைந்திருப்பதும் காலையில் காலியாக இருப்பதும் இயல்பு. விடிந்தும் கல்லாக இறுகிக் கிடந்தால் நீளப் புல்லோ பிளாஸ்டிக் நாரோ அடைத்திருக்கும். தளதளவென்று ஆடி, வாயில் புளித்த வாடை வந்தால் உள்ளே நொதித்துக்கொண்டிருக்கிறது. வீட்டில் மிஞ்சிய பழைய சோற்றையும் புளித்த மாவையும் கோழிக்குக் கொட்டுவது தர்மம் என்று நினைப்பவர்கள் இந்த வாடையைப் பொருட்படுத்த வேண்டாம்.

முட்டை அடைத்துக்கொண்டு முக்கி முக்கி நிற்கும் கோழிக்கு இளஞ்சூடான தண்ணீரில் அடிவயிறு நனைய உட்காரவைப்பது உண்மையிலேயே உதவும். கிளிஞ்சல் பொடித்துத் தீனியோடு வைத்தால் தோல்முட்டையும் குறையும். ஒரு கையேட்டில் பலிக்கிற யோசனை ஒன்றிரண்டு தவறி விழுந்துவிடுவது சகஜம்.

அம்மையும் ஆண்டவனும்

கொண்டையிலும் தாடியிலும் கண்ணைச் சுற்றியும் கடுகளவு, மிளகளவு கொப்புளம் வந்து கறுத்துக் காய்ந்தால் அது கோழி அம்மை. கொசு பரப்புகிறது. மனிதருக்கு ஒட்டாது. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசினால் புண் வேறு கிருமி பிடிக்காமல் காயும். சில வாரத்தில் பொருக்கு தானாக உதிரும். கண் மூடிப்போன கோழிக்குத் தீனியைக் கையால் ஊட்ட வேண்டும். வாய்க்குள் கொப்புளம் போட்டால்தான் மோசம். மற்ற கோழிகளுக்குப் பரவாமல் இருக்க றெக்கைத் தோலில் குத்தும் தடுப்பூசி உண்டு. இவ்வளவும் மருத்துவர் சொல்லிவிடுவார். அவரால் தீர்க்க முடியாத கேள்வி ஒன்று உண்டு: கோழிக்கு அம்மை போட்டிருக்கும்போது வீட்டில் தாளிக்கலாமா? இது குறித்து வீட்டுக்கு வீடு கருத்து வேறுபாடு இருப்பதால் நான் தலையிடவில்லை.

நேர்த்திக்கடனும் ஒரு சிகிச்சைதான். ‘இந்தச் சேவல் மட்டும் பிழைச்சிட்டா உனக்கே அறுக்கிறேன், முனியாண்டி’ என்று மஞ்சள் துணியில் காசு முடிந்துவைப்பார்கள். சேவலின் பக்கத்திலிருந்து பார்த்தால் இதில் தேறி எழுவதற்கான உற்சாகம் எதுவும் இல்லை. இருந்தும் சில தேறுகின்றன.

நிஜமான வெள்ளைக் கழிச்சல்

இதுவரை சொன்னதெல்லாம் விளையாட்டு. இது வந்தால் கையேடு செல்லாது.

மாசி, பங்குனியில் ஒருநாள் காலை கூட்டைத் திறந்தால் ஒன்று உள்ளேயே விறைத்துக் கிடக்கும். இன்னொன்று கழுத்தைத் திருகி வானத்தைப் பார்த்தபடி நிற்கும். தலையை நிமிர்த்திவிட்டால் மறுபடி திருகிக்கொள்ளும். மூன்றாவது கால் இழுத்து நொண்டும், வாயைத் திறந்து கேவும். மறுநாள் ஐந்து. வாரக் கடைசியில் சேவல் கூவும் சத்தம் பக்கத்துத் தெருவிலிருந்து மட்டும் கேட்கும். வைரஸ் நோய் இது. 1926இல் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் ஜாவாவிலும் அடையாளம் காணப்பட்டது; அடுத்த இரண்டொரு ஆண்டில் குமாவோன் மலையிலுள்ள ராணிக்கெட்டில் தெரிந்ததால் இந்தியாவில் அந்த ஊர்ப்பெயரே ஒட்டிக்கொண்டது. வந்த பிறகு குணப்படுத்தும் மருந்து இன்றுவரை எங்கும் இல்லை. மிளகும் இல்லை, டெட்ராசைக்ளினும் இல்லை.

வருவதற்கு முன் கொடுக்க மட்டும் ஒன்று இருக்கிறது. குஞ்சு பொரித்து ஒரு வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. எட்டு வாரம் ஆனதும் றெக்கைக்கு அடியில் அரை மில்லி ஊசி. 1932இல் தொடங்கிய ராணிப்பேட்டை கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையத்திலேயே தயாராகிறது. ஒவ்வொரு பிப்ரவரியிலும் இரண்டு வாரம் கிராமம் கிராமமாக முகாம் போட்டு இலவசமாகவே போடுகிறார்கள். இதைத் தவிர்க்க நீங்கள் உண்மையிலேயே முயற்சி எடுக்க வேண்டும். நல்ல வேளையாக அதற்கான வழிகள் தயாராக இருக்கின்றன.

முகாம் காலை பத்து மணிக்கு வரும். அந்நேரம் உங்கள் கோழி ஒன்று கருவேலம் புதருக்குள் இருக்கும், ஒன்று பக்கத்து வீட்டுக் கூரைமேல் இருக்கும், மற்றவை எங்கே என்று அவற்றுக்கே தெரியாது. முதல் நாள் இரவு அடைந்த பிறகு கூட்டுக் கதவைச் சாத்திவைத்திருந்து, விடிந்ததும் திறக்காமல் இருந்தால் போதும். இந்த ரகசியத்தை யாரும் செயல்படுத்திவிட வேண்டாம். முகாமைத் தவறவிட்டு மருந்தகத்துக்குப் போனால் வேறொரு வசதி இருக்கிறது: ஒரு குப்பி நூறு கோழிக்கானது, கரைத்துவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், ஐஸ் இல்லாமல் பையில் வைத்து எடுத்துவந்தால் வெறும் தண்ணீராகிவிடும். எட்டுக் கோழிக்காரர் இதைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடலாம். தெருவில் நாலு வீட்டுக் கோழிகளைச் சேர்த்து ஒரு நாள் குறித்தால் குப்பி தீர்ந்துவிடுமே என்று தோன்றினால், அந்த நாலு வீட்டில் யாரோடெல்லாம் நமக்குப் பேச்சுவார்த்தை இல்லை என்று நினைத்துப் பாருங்கள்.

‘ஊசி போட்டா முட்டை நின்னுரும்’ என்பது இன்னொரு நல்ல காரணம். ‘போன தடவை ஊசி போட்ட கோழிதான் முதல்ல செத்துச்சு’ என்பது அதைவிட நல்லது. ஏற்கெனவே கிருமி ஏறிய கோழிக்குப் போட்டால் ஊசி காப்பாற்றாது. எட்டு வாரம் ஆகாத குஞ்சுக்கு அந்தப் பெரிய ஊசியைப் போட்டால் ஊசியே ஆபத்து. இரண்டையும் செய்துவிட்டு, பழியை ஊசிமேல் போடுவது வழக்கத்தில் இருக்கிறது.

மிச்சமிருப்பதை என்ன செய்வது

முதல் கோழி விழுந்ததும், மற்றவை நிற்கும்போதே காலைக் கட்டி டிவிஎஸ்ஸில் தலைகீழாகத் தொங்கவிட்டு சந்தைக்குக் கொண்டுபோங்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். சீக்கு உள்ளே ஏறி வெளியே தெரிய சில நாள் பிடிக்கும். எச்சத்திலும் எச்சிலிலும், கூடையிலும் வண்டிச் சக்கரத்திலும் உங்கள் செருப்பிலும் கிருமி ஏறி ஊர் ஊராகப் பயணம் செய்ய இதைவிடச் சிறந்த ஏற்பாடு இல்லை. வாங்குகிறவர் ஏமாளி என்று வருத்தப்படவும் வேண்டாம். அவரும் அதே காரணத்துக்காக இரண்டைக் கொண்டுவந்து விற்றுவிட்டுத்தான் உங்களிடம் வந்திருக்கிறார். போகிற போக்கில் அதில் ஒன்றை நீங்கள் மலிவாக வாங்கிவந்தால் கணக்குச் சரியாகிவிடும். அப்படி வாங்கிவந்ததை இரண்டு மூன்று வாரமாவது தனியே பஞ்சாரத்தில் கவிழ்த்துவைத்துப் பார்க்க வேண்டுமாம். மாமியார் வீட்டிலிருந்து ஆசையாகக் கொடுத்தனுப்பிய கோழியைத் தனியே கவிழ்த்துவைத்தால் குடும்பம் நடத்த முடியுமா என்பதை மருத்துவர்கள் யோசிப்பதில்லை.

சீக்குக் கோழியை அறுத்துச் சாப்பிடுவதைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை, கிண்டல் இல்லாமல்: வேண்டாம். பறவைக் காய்ச்சல் கோழியிடமிருந்து மனிதருக்கு வருவது பெரும்பாலும் இறகு பறிக்கும்போதும் குடல் எடுக்கும்போதும்தான். திடீரென்று கும்பலாகச் செத்தால் தொடாமல், கால்நடை மருந்தகத்துக்குச் சொல்ல வேண்டும். 1962 என்ற எண்ணுக்கும் கூப்பிடலாம். செத்ததை ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். கண்மாயிலும் வாய்க்காலிலும் வீசுகிறவர்களுக்கு இந்தக் கையேட்டில் யோசனை எதுவும் இல்லை. அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கூட்டைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, சில வாரம் காலியாகப் போட்டுவைக்கச் சொல்வார் மருத்துவர். சரி என்று தலையாட்டிவிட்டு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை தெருமுனையில் சைக்கிள் மணி கேட்கும். பின்னால் வலைக்கூடையில் பச்சை, ஊதா, ரோஸ் என்று சாயம் பூசிய குஞ்சுகள் கீச்சிட்டுக்கொண்டு வரும். முட்டைக்கோழிப் பண்ணையில் ஆண் என்று கழித்துவிட்ட குஞ்சுகள் அவை. பெரும்பாலும் சாயம் போவதற்கு முன் உயிர் போய்விடும். குழந்தை அழும். பத்து ரூபாய்க்கு இரண்டு என்பார் வியாபாரி. மூன்று கேளுங்கள். ஊசி போட்டதா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், பேரம் படியாது.